15 பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு உண்டு, கேட்பது யார்?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை வைத்திருக்கும் தமிழர் வீட்டில் தமிழ் பேசுகிறார். உரிமம் புதுப்பிக்கப் போனால் மலாய், வங்கியில் ஆங்கிலம். சரக்கு போடும் சீனரிடம் பாசார் மலாயோடு இரண்டு ஹொக்கியன் சொல்லும் கலக்கும். பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரருக்கு அந்த இடத்தில் கண்டனீஸ். இதை மலேசியருக்கே உரிய திறமை என்று பெருமையாகப் பேசுவதுண்டு. ஆனால், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சாதாரண மக்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள்.

மலாய் போலவே சுவாஹிலியும் துறைமுகங்களில் வணிகர் வாயில் வளர்ந்து, பின்னர் தேசிய மொழியான ஒன்று. 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள தான்சானியாவில் தொடக்கப்பள்ளி சுவாஹிலியில் நடக்கிறது. அரசாங்க இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறுகின்றன. அங்குள்ள பெரிய இனமான சுக்குமா மக்களின் மொழிக்குக்கூட வகுப்பறையில் இடமில்லை. கென்யாவின் நைரோபியில் வேறு கதை. கிக்குயு, லுவோ எனப் பல இனத்தார் நெருங்கி வாழும் குடியிருப்புகளில் வளர்ந்த இளையோர் சுவாஹிலியையும் ஆங்கிலத்தையும் கலந்து ‘ஷெங்’ என்ற பேச்சையே உருவாக்கிவிட்டார்கள். தாத்தா பாட்டியின் மொழி கிராமத்தோடு நின்றுவிடுகிறது.

மலேசியத் தமிழரின் நிலை இதைவிட மேல். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வானொலி உண்டு, நாளிதழ்கள் உண்டு. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சமூகத்தின் கவலையும் குரலும் பெரும்பாலும் இந்தத் தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றியே இருக்கின்றன. அது நியாயமே. ஆனால் பிள்ளை 12 வயதில் அந்தப் பள்ளியை விட்டு வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் அதிகம் பேசப்படாத கேள்வி.

தோட்டத்தில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. காலைப் பெரட்டில் தமிழ், பால்மரக் காட்டில் தமிழ், லயத்தில் தமிழ், கோயில் திருவிழாவில் தமிழ். பள்ளி கைவிட்டாலும் தோட்டம் மொழியைக் காப்பாற்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபின், கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்துக்கு அந்தச் சூழல் இல்லை. மின்தூக்கியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். வீட்டில் பாட்டி இருந்தால் தமிழ் காதில் விழும். எழுதவும் படிக்கவும் இடைநிலைப்பள்ளி வகுப்பை விட்டால் வேறு இடம் அரிது.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம். தான்சானியாவின் சுக்குமா பெற்றோருக்குக் கிடைக்காத உரிமை இது.

நடைமுறையில் தடங்கல்கள் உண்டு. கால அட்டவணைக்கு வெளியே வகுப்பு வைத்தால் பள்ளிப் பேருந்து காத்திருக்காது. தமிழாசிரியர் இல்லாத பள்ளியில் பிள்ளை தானே படித்துக்கொள்ள வேண்டும். எஸ்.பி.எம். நெருங்கும்போது, ‘தமிழில் ஏ கிடைக்காவிட்டால் மொத்தத் தேர்ச்சியும் கெடும்’ என்ற பயம் வேறு. இவற்றைப் பள்ளி நிர்வாகத்திடம் பேசித் தீர்க்க முடியும். ஆனால் வகுப்பே வேண்டும் என்று எழுத்துபூர்வமாகக் கேட்காத பள்ளியில் பேசுவதற்கு எதுவுமில்லை.

தமிழை விட்டால் ஆங்கிலம் நன்றாக வரும் என்று சில பெற்றோர் நம்புகிறார்கள். தான்சானியாவில் வீட்டுமொழியைப் பள்ளி தொடவே இல்லை. அப்படியும் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலப் பாடம் புரியாமல் மாணவர் திணறுகிறார்கள், ஆசிரியரே சுவாஹிலியில் விளக்க வேண்டியிருக்கிறது. ஒரு மொழியை விட்டதால் மட்டும் இன்னொன்று வந்துவிடவில்லை.

படிவம் 1 சேர்க்கையின்போதே இந்தக் கடிதம் தயாராக வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் தமிழர் ஒருவர் முன்வந்து, மற்ற குடும்பங்களைத் தேடிப் பிடித்தால் ஓரிரு வாரத்தில் முடிகிற வேலை. 14 குடும்பங்கள் கையெழுத்திட்டு, இன்னொரு குடும்பம் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பள்ளி வகுப்பு நடத்தச் சட்டப்படி கடமைப்படாது.