வாடகை வீட்டுக்கும் ஒரு சமத்துவச் சட்டம் வேண்டும்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கும், வீட்டுவசதித் துறை அமைச்சர் அவர்களுக்கும், திருச்சி மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும்,



புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தபோது, திருச்சி தில்லை நகரில் கிராஸுக்குக் கிராஸ் அதே பேச்சாக இருந்தது. பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கும் வீடுகள் இங்கே ஏராளம். விடுமுறைக்கு வந்தவர் உடனே திரும்ப வேண்டுமா, திரும்பினால் உள்ளே விடுவார்களா என்று தெரியாமல் பெற்றவர்கள் தவித்தார்கள். அதற்கு முன்பே அச்சத்துக்குக் காரணங்கள் இருந்தன. 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகரில், 'என் நாட்டை விட்டுப் போ' என்று கத்திய ஒருவன் இரண்டு இந்தியப் பொறியாளர்களைச் சுட்டான். ஒருவர் இறந்தார். தோலின் நிறத்தையும் பிறந்த நாட்டையும் பார்த்து மனிதனைத் தள்ளிவைப்பது கொடுமை. அந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் அது உண்டு.

அதே அமெரிக்காவில் நம் பிள்ளைகள் வாடகைக்கு வீடு தேடும்போது, சட்டம் அவர்கள் பக்கம் நிற்கிறது. இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வீட்டை மறுப்பது அங்கே 1968 முதல் சட்டவிரோதம். அப்படி ஒரு முழுமையான சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அதை நீங்கள் இயற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அமெரிக்காவின் அந்தச் சட்டம் எளிதில் வந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நகரங்களில் மனைப் பத்திரத்திலேயே இன்ன இனத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று எழுதிவைத்தார்கள். கறுப்பின மக்கள்தான் முதல் இலக்கு. மேற்குக் கரைப் பத்திரங்களில் சீனர், ஜப்பானியரோடு இந்தியர்களையும் 'ஹிந்து' என்று குறிப்பிட்டு விலக்கினார்கள். சீக்கியரும் முஸ்லிமும் அந்தப் பெயருக்குள்தான் அடக்கம். 1948-இல் ஷெல்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. ஆனாலும் வீட்டுக்காரர்கள் வாய்மொழியாக மறுப்பது நிற்கவில்லை.

கலிஃபோர்னியாவின் கதையை நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளில் பலர் வாழ்வது அங்கேதான். 1963-இல் அந்த மாநிலம் வீட்டு மறுப்புக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே வீடு, மனை வியாபாரிகளின் சங்கம் முன்னின்று அந்தச் சட்டத்தை முறியடிக்கப் பொது வாக்கெடுப்புக் கொண்டுவந்தது. என் சொத்து, என் இஷ்டம் என்பதுதான் பிரசாரம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அதை ஏற்றார்கள். பெரும்பான்மையினர் வாக்களித்தாலும் பாகுபாட்டை அரசமைப்பு ஏற்காது என்று 1966-இல் மாநில உச்ச நீதிமன்றமும், 1967-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடாளுமன்றத்தில் இழுபறியில் கிடந்த நியாயமான வீட்டுவசதிச் சட்டம் ஏப்ரல் 11 அன்று கையெழுத்தானது. கறுப்பின மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற அந்த உரிமையின் பாதுகாப்பில்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் சாவியை வாங்கிக்கொண்டு குடிபோகிறார்கள். இது நமக்கு மறக்கக் கூடாத கடன்.

சட்டம் ஏட்டோடு நிற்கவில்லை. 1973-இல் அமெரிக்க நீதித் துறை நியூயார்க்கின் ஒரு குடும்ப நிறுவனத்தின் மீது, கறுப்பினத்தவருக்கு வீடு மறுப்பதாக வழக்குத் தொடுத்தது. பிரெட் டிரம்பும் அவர் மகன் டொனால்ட் டிரம்பும் நடத்திய நிறுவனம் அது. தவறை ஒப்புக்கொள்ளாமல், இனி பாகுபாடு காட்டமாட்டோம் என்று 1975-இல் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அந்த வழக்குக்குப் பின்னால் இருந்தது ஓர் எளிய சோதனை. கறுப்பினத்தவர் ஒருவர் போய்க் கேட்டால் வீடு காலி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளையர் ஒருவர் போய்க் கேட்டால் காலி இருக்கிறது. இப்படிச் சோதிக்கப் போகிறவர்களும் வழக்குத் தொடுக்கலாம் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இனி நம் தெருவுக்கு வருகிறேன். தில்லை நகரில் மருத்துவமனைகளும் பயிற்சி மையங்களும் ஜவுளிக் கடைகளும் பெருகிவிட்டன. சாலை ரோடு, சாஸ்திரி ரோடு, உறையூர் வரை வாடகைக்கு வீடு தேடும் செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள், கடை ஊழியர்கள், வங்கிக்காரர்கள் வருகிறார்கள். 'டு லெட்' பலகையில் உள்ள எண்ணைக் கூப்பிட்டால் என்ன வேலை, எத்தனை பேர் என்று கேட்பது சரி. அடுத்து வரும் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" வீட்டுக்காரர் கேட்கக் கூச்சப்பட்டால் புரோக்கர் கேட்டுச் சொல்லிவிடுவார். முஸ்லிம் பெயர் என்றால் அந்தக் கேள்விக்கே அவசியமில்லை, "இப்பத்தான் சார் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு." அடுத்த வாரமும் பலகை அங்கேயே தொங்கும். காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் சில வீட்டு விளம்பரங்களில் 'பிராமணர் மட்டும்' என்று வெளிப்படையாகவே இருக்கும். மற்ற இடங்களில் 'சைவம் மட்டும்'. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அசைவம் உண்ணும் மாநிலத்தில் அந்த இரண்டு சொற்கள் யாரை வாசலிலேயே நிறுத்துகின்றன என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

இது திருச்சியின் நோய் மட்டும் அல்ல. பொருளாதார அறிஞர் சுக்தேவ் தோராட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் அமெரிக்காவில் நடந்ததைப் போன்ற சோதனையைச் செய்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சாதி, மதம் தெரியும் பெயர்களோடு வீடு கேட்டதில், உயர்சாதிப் பெயர்களுக்கு எளிதாகக் கதவு திறந்தது. தலித் பெயர்கள் பெருமளவு மறுக்கப்பட்டன. முஸ்லிம் பெயர்களுக்கு அதைவிட அதிக மறுப்பு.

அண்ணல் அம்பேத்கருக்கு நடந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, லண்டன் வழியாகத் திரும்பி, 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போனார். அந்த நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாட்களில் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். மாலையில் ஒரு பூங்காவில் அமர்ந்து அழுதுவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். அமெரிக்காவில் இடம் கிடைத்த மனிதருக்குச் சொந்த நாட்டில் இடம் இல்லை. நூறாண்டு கடந்தும் படித்து வேலைக்குப் போகும் தலித் இளைஞர் ஒருவர் நம் தெருவில் ஊர்ப்பெயரை மழுப்பி, உணவை மறைத்து வீடு கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தீண்டாமையின் பேரில் குடியிருப்பை மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வீட்டுக்காரர் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. சொந்தக்காரர் குடிவரப் போகிறார் என்பார். முஸ்லிமுக்கும் கிறித்தவருக்கும் அந்தச் சட்டம் துணைக்கு வராது. அரசமைப்பின் 15-ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று பட்டியலிடுகிறது. தனியார் வாடகை வீடு அதில் இல்லை. பார்சிகளின் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் சமூகத்தாரை மட்டும் சேர்க்கலாம் என்று 2005-இல் நம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. பாகுபாட்டுக்கு எதிரான தனிநபர் மசோதா ஒன்றை சசி தரூர் 2017-இல் மக்களவையில் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

நம் மாநிலத்தின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைப் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது, வெள்ளையடிப்பது யார், குழாய் பழுது பார்ப்பது யார் என்பதுவரை அது பேசுகிறது. சாதியோ மதமோ பார்த்து வீட்டை மறுக்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவருக்குத்தான் உரிமை. வாசலில் நிற்பவருக்கு ஒன்றும் இல்லை.

தில்லி செய்யட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்ட வடிவம் தந்தது இந்த மாநிலம். பெண்ணுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமையை இங்கே 1989-இல் தந்தோம். நாடு முழுவதும் வர 2005 ஆனது. பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீடுகளையும் எல்லாச் சாதியாருக்கும் கலந்து கொடுத்தது அரசுதான். அரசு கட்டிய வீட்டில் அக்கம்பக்கமாக வாழ முடியும் என்றால், தனியார் மாடி வீட்டில் ஏன் முடியாது?

உரிமையாளர்களின் எதிர்ப்பு வரும் என்பது தெரியும். கீழே நாங்கள் குடியிருக்கிறோம், மாடியில் யாரை வைப்பது என்பது எங்கள் விருப்பம் என்பார்கள். வருமானத்தைப் பார்க்கட்டும், ஆட்களின் எண்ணிக்கையைப் பார்க்கட்டும், பழைய வீட்டுக்காரரிடம் விசாரிக்கட்டும். பிறப்பைப் பார்க்க வேண்டாம். அமெரிக்கச் சட்டத்திலும் உரிமையாளரே வசிக்கும் சிறு கட்டடங்களுக்கு ஒரு விலக்கு வைத்தார்கள். ஆனால் பாகுபாடான விளம்பரம் தர அவர்களுக்கும் உரிமை இல்லை, இனத்தின் பேரில் மறுக்கவும் 1866-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. இங்கே விலக்கே வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊரில் வாடகை வீடுகளில் பெரும்பகுதி அப்படிப்பட்ட மாடி வீடுகள்தான். அவற்றை விட்டுவிட்டால் சட்டம் யாரையும் தொடாது.

நான் கேட்பவை இவை. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, சாதி, மதம், பிறந்த ஊர் பார்த்து வீடு மறுப்பதைத் தடைசெய்யுங்கள். பலகையிலும் நாளிதழிலும் இணைய விளம்பரத்திலும் சமூகத்தைக் குறிப்பிடுவதைத் தடைசெய்யுங்கள். புரோக்கர்களையும் அதற்குள் கொண்டுவாருங்கள். அந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடமே புகார் தர வழிசெய்யுங்கள். சிறைத் தண்டனை வேண்டாம், அபராதமும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் போதும். இரண்டு பெயர்களில் கூப்பிட்டுப் பார்க்கும் சோதனையைச் சான்றாக ஏற்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து 2023 பிப்ரவரியில் சட்டம் இயற்றியது; வீட்டு வாடகையும் அதில் அடக்கம். தில்லை நகரிலிருந்து போய் அங்கே வீடு வாங்கி வாடகைக்கு விடும் நம் பிள்ளைகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். இங்கே அவர்களின் பெற்றோரான நாங்களும் அதே விதிக்குக் கட்டுப்படத் தயார். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே மசோதாவை வையுங்கள்.

இப்படிக்கு,
தில்லை நகர்வாசி ஒருவர்,
திருச்சிராப்பள்ளி