சித்திரப் போட்டி வைத்தால் விளங்கிவிடுமா?

டிஜிட்டல் மருத்துவம் பற்றி மக்களுக்கு விழிப்பூட்ட வேண்டுமாம். அதற்குப் பாடசாலைக்கு வருவது எப்போதும் ஒன்றுதான்: சித்திரப் போட்டி.

நாங்களும் நடத்தினோம். கணினிக்கு ஸ்டெதஸ்கோப் மாட்டியிருக்கும், பக்கத்தில் டொக்டர் சிரிப்பார், மேலே ஒரு சுலோகம். முதலிடம் வந்த பிள்ளையிடம், "இந்த அப்புக்குள்ள என்ன நடக்குது மகள்?" என்று கேட்டோம். "தெரியா சேர்." பிழை பிள்ளையில் இல்லை. சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து, முகநூலில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்றிருந்தோமே, எங்களில்தான் பிழை.

பிறகு ஒருநாள் வகுப்பறை யன்னல்களைச் சாத்திவிட்டு, கைபேசி லைட்டின் மேல் விரலை வைக்கச் சொன்னோம். விரல்கள் சிவந்து ஒளிர்ந்தன. கொவிட் காலத்தில் வீடு வீடாக வந்த ஒக்சிமீட்டர் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். சிவப்பொளியையும் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஒளியையும் விரலினூடாக அனுப்பி, இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஒட்சிசனைக் கணக்கிடுகிறது. அப்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், ஏன்ட கறுத்த விரலுக்கும் இவட வெள்ள விரலுக்கும் ஒரே கணக்குத்தான் காட்டுமா?"

இதே கேள்விக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்கள் 2020இல் விடை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் இரத்தத்தை நேரடியாகப் பரிசோதித்தபோது, உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 வீதம், கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 11.7 வீதம். அந்த எண்களை அப்படியே எங்கள் தோலுக்குப் போட முடியாது. கேள்வியைப் போடலாம். (அதற்காக ஒக்சிமீட்டரை வீச வேண்டாம். உம்மம்மாவுக்கு மூச்சு வாங்கினால், அது என்ன காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.)

அதே 2020இல் லண்டனில் மலோன் முகுவெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுத்த தோலிலும் மாநிறத் தோலிலும் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று படங்களோடு ஒரு கையேடு கொண்டுவந்தார். படம் அங்கே அலங்காரம் இல்லை. வைத்தியரின் கண்ணைத் திருத்தும் கருவி.

"இதையெல்லாம் சொன்னால் சனம் பயந்து கருவியையே தொடாது" என்கிறார்கள். பயம் எங்கிருந்து வந்தது? உலக சுகாதார அமைப்பு அடக்கலாம் என்று சொல்லியிருந்தும், விஞ்ஞானத்தின் பெயரால் 2021 பெப்ரவரி வரை எங்கள் மையித்துகளை எரித்தார்கள். மன்னிப்புக் கேட்கும் தீர்மானம் 2024இல்தான் அமைச்சரவையில் வந்தது. கேள்வி கேட்க இடம் கொடுக்காத விஞ்ஞானத்தை அப்படிப் பார்த்த சனம் இது. அவர்களிடம் சுலோகத்தை நீட்டினால் நம்புவார்களா?

போட்டிக்குச் செலவாகும் அரை நாளைத் தாருங்கள். விஞ்ஞான ஆசிரியரும் சித்திர ஆசிரியரும் சேர்ந்து, ஊர்ப் பெண்களின் கவியையும் வைத்து, கிளினிக் வாசலில் ஒரு வீதி நாடகம் போடுகிறோம். பதில் சொல்ல ஒரு டொக்டர் வந்து நின்றால் போதும்.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை பிறகு ஒரு படம் வரைந்தது. கறுத்த விரல், அதனூடாகச் சிவப்பு வெளிச்சம், எண் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. அடுத்த போட்டிக்கு அனுப்பினோம். "கருப்பொருளுக்குப் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தது. எங்கள் ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், வந்து பாருங்கள்.