மேல் வீடு, கீழ் வீடு

பயாலஜி எடுத்துவிட்டு கெமிஸ்ட்ரிக்குப் பயப்படும் தம்பிகள் ஒரு நடை பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குப் போய் வரலாம். அங்கே சுமார் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது. வயசு ஏறக்குறைய 12 கோடி வருஷம். 1940-ல் வெளியுலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன்.

உயிரோடு இருந்தபோது அதன் உடம்பு கார்பன் கட்டுமானம். புதைந்தபின், தண்ணீரில் கரைந்த சிலிகா செல் செல்லாகக் குடியேறிவிட்டது. கார்பனும் சிலிகானும் பீரியாடிக் டேபிளில் மேல் வீடு, கீழ் வீடு. இரண்டுக்கும் நாலு கை. பின்னே உயிர் ஏன் கார்பனைக் கட்டிக்கொண்டது? ஒரு காரணம், ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் கார்பன் வாயுவாகும், மூச்சில் விட்டுவிடலாம். சிலிகான் மணலாகிவிடும். நாமெல்லாம் சிலிகானாக இருந்தால், ஆபீஸில் விடும் ஒவ்வொரு பெருமூச்சுக்கும் ஒரு பிடி மணல் கொட்டும். யார் சார் பெருக்குவது?