நீட்டில் சீட் கிடைக்கலையா? அரசு கல்லூரியில் 'ஏதாவது ஒரு பி.எஸ்சி' சேரும் முன் இதைப் பாருங்க!

நீட் ரிசல்ட் வந்த அன்று பல வீடுகளில் கேட்கும் வசனம் இது: "சரி விடு, கவர்ன்மென்ட் காலேஜ்ல ஏதாவது ஒரு பி.எஸ்சி போட்டு வை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." பயாலஜி குரூப் எடுத்த மாணவர்களுக்கு அந்த 'ஏதாவது' பெரும்பாலும் விலங்கியல், தாவரவியல், இல்லைன்னா மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி.

சிக்கலே அந்த 'ஏதாவது'வில்தான் இருக்கு. நாலுமே உயிரியல் பட்டம்தான். ஆனா மூணு வருஷம் கழிச்சு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நாலும் ஒன்று இல்லை.

எப்போது விண்ணப்பிக்கணும்?

நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. 2025-ல் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பம் மே மாதமே தொடங்கிவிட்டது. நீட் ரிசல்ட் வந்ததோ ஜூன் 14. விண்ணப்பிக்க ஆகும் செலவு 50 ரூபாய்தான். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 2 ரூபாய் பதிவுக் கட்டணம் மட்டும். அதனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு போட்டு வைப்பது நல்லது.

பட்டத்தின் பெயர் ஏன் முக்கியம்?

முதலில் ஆசிரியர் வேலையை எடுத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆக, பி.எஸ்சி முடித்து பி.எட் படிக்கணும், டெட் இரண்டாம் தாளிலும் தேர்ச்சி வேணும். அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு. அங்கே பணியிடங்கள் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகத்தான் அறிவிக்கப்படும். பட்டத்தின் பெயர் கொஞ்சம் மாறி இருந்தாலும், 'இந்தப் படிப்பு விலங்கியலுக்குச் சமம்' என்று அரசாணை இருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னா சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்து, யுபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வு. இதை எழுதத் தகுதியான பாடங்களின் பட்டியலில் தாவரவியலும் விலங்கியலும் பெயரோடு இருக்கு. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி பெயர்கள் அதில் இல்லை.

அதுக்காக அந்தப் படிப்புகள் வேண்டாம்னு அர்த்தமில்லை. மருந்து, உணவு, நொதித்தல் தொழில் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அவை பொருந்தும். எதை நோக்கிப் படிக்கிறோம்னு தெரிந்து சேர்வதுதான் விஷயம்.

ஒரு பொதுவான குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். பி.எஸ்சி விலங்கியல் முடித்தால் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் ஆகலாம்னு சிலர் நினைக்கிறாங்க. முடியாது. அதற்கு டிஎம்எல்டி போன்ற தனிப் படிப்பு வேணும்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

பல அரசு கல்லூரிகளில் இரண்டும் உண்டு. தமிழ் வழியில் படித்தால் தமிழ்நாடு அரசுப் பணி நேரடி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை இருக்கு. ஆனா 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்கணும்.

அப்படிப் படித்து வந்தவர் கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறினால், பட்டப்படிப்பு கேட்கும் பணிகளில் அந்த முன்னுரிமையை இழப்பார். பதிலுக்கு வேறு ஒன்று கிடைக்கும். ஐஐடி, ஐஐஎஸ்சி-யில் மேற்படிப்புக்கான ஜாம் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கு. ஆக, அரசு வேலையா, ஆராய்ச்சியா என்ற கேள்வி சேர்க்கை படிவத்திலேயே வந்துவிடுகிறது.

ஆராய்ச்சியில் சம்பளம் உண்டா?

உண்டு. எம்.எஸ்சி படித்து சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்று பிஎச்.டி சேர்ந்தால், மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 முதல் இந்தத் தொகைதான்.

கல்லூரியில் படிக்கும்போதும் உதவி இருக்கு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு புதுமைப் பெண், மாணவர்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

தவளையை அறுக்கணுமா?

பயந்து விலங்கியல் பக்கமே வராதவர்கள் இருக்காங்க. பிராக்டிகலில் விலங்குகளை அறுக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2014-லேயே யுஜிசி அறிவித்துவிட்டது. ஸ்லைடு, மாதிரிகள், படங்கள், மைக்ரோஸ்கோப், ரெக்கார்டு நோட்டு - இவைதான் லேபில் உங்களுக்காகக் காத்திருப்பவை.

சேர்ந்துகொண்டே நீட் எழுதலாமா?

எழுதலாம், தடை இல்லை. ஆனா செமஸ்டர் தேர்வு எழுத பொதுவாக 75 சதவீத வருகைப்பதிவு வேணும். கோச்சிங்குக்காக லீவு போட்டால் முதல் இரண்டு செமஸ்டரில் அரியர் விழும். மறுபடி சீட் கிடைக்கலைன்னா, அந்த அரியரோடுதான் இரண்டாம் ஆண்டுக்குப் போகணும். நடுவில் விட்டுப் போனாலோ, காத்திருப்புப் பட்டியலில் இருந்த இன்னொரு மாணவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் வீணாகும்.

அதனால் கவுன்சிலிங்குக்குப் போகும் முன் மூன்று விஷயங்களை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்க: பட்டத்தின் பெயர் என்ன, எந்த மொழி வழி, நீட்டுக்கு இன்னொரு வருஷமா இல்லையா. 'ஏதாவது ஒரு பி.எஸ்சி' என்று சேர்பவருக்கும், 'பி.எஸ்சி விலங்கியல், இன்ன காரணத்துக்காக' என்று சேர்பவருக்கும் வகுப்பறை ஒன்றுதான். மூணு வருஷம் கழித்துப் போய்ச்சேரும் இடம்தான் வேறு.