மண்ணின் வாடகையை அளப்போம்

மேருவிலிருந்து நாம் உல்லாசமாகப் போய்வரும் சன்வே லகூன் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம். 1985இல் அனைத்துலக ஈய மன்றம் நொடித்தது, விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. தோண்டி விற்ற ஈயத்துக்கு ஈடாக நாடு எவ்வளவு சேமித்தது? பொருளியல் மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது என்பேன்.

கணக்கு எளிது. 100 ரிங்கிட் கனிமத்தை எடுக்க ஊதியம், இயந்திரம், நியாயமான இலாபம் என 60 ரிங்கிட் ஆனால், மீதி 40 ரிங்கிட் மண் தந்த வாடகை. உலக வங்கி இப்படிக் கணக்கிட்டு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது எத்தனை விழுக்காடு என்று காட்டுகிறது.

ஆனால், இது சொத்தை விற்ற பணம். நகையை விற்றுச் சாப்பிடும் குடும்பத்தை முன்னேறுகிறது என்போமா?

ஈயத்துக்குப் பின் நமக்கு எண்ணெய் கைகொடுத்தது. பெட்ரோனாஸ் 1974இல் பிறந்தது. வருங்காலத் தலைமுறைக்காக தேசிய அறநிதி 1988இல் அமைந்தது. நோர்வேயில் அரசின் எண்ணெய் வருவாய் சட்டப்படியே சேமிப்பு நிதிக்குப் போகிறது.

நம் வரவு செலவுத் திட்டத்திலும் ஆண்டுதோறும் இரண்டு எண்கள் அருகருகே இருக்கட்டும்: கிடைத்த வாடகை எவ்வளவு, சேமித்தது எவ்வளவு. மண்ணுக்கு அடியில் இருப்பதில் நமக்குப் பின் வருவோருக்கும் பங்குண்டு.