மகளுக்குப் பங்கு உண்டு. மகளின் சொத்து யாருக்கு?

புது தில்லி: திருமணமான மூன்றே மாதங்களில் கணவரைப் பாம்புக் கடிக்குப் பறிகொடுத்தவர் அந்தப் பெண். 1950-களின் நடுப்பகுதியில் நிகழ்ந்த அந்த மரணத்தை அடுத்து, புகுந்த வீட்டார் அவரை வெளியேற்றினர். பெற்றோர் அரவணைத்துப் படிக்க வைத்தனர். பணியில் சேர்ந்து, சொந்த உழைப்பில் வாழ்ந்து, 1996-ல் உயில் எதுவும் எழுதாமல் அவர் இறந்தார். வங்கிக் கணக்குகளிலும் வருங்கால வைப்பு நிதியிலும் அவர் விட்டுச் சென்ற பணம் கணிசமானது. அதற்கு உரிமை கோரி அவருடைய தாய் ஒரு பக்கமும், என்றோ இறந்துபோன கணவரின் சகோதரி மகன்கள் மறுபக்கமும் நீதிமன்றத்தில் நின்றனர்.

2009 மே 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், சொத்து கணவர் வழி உறவினர்களுக்கே சேர்ந்தது. அனுதாபத்தின் அடிப்படையில் மட்டும் வாரிசுரிமையை முடிவு செய்ய இயலாது. சட்டம் தெளிவாக உள்ளது என்று நீதிபதிகள் கூறினர். அவர்கள் குறிப்பிட்ட சட்டம், 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 15-வது பிரிவு, பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து யாருக்குச் சேரும் என்பதை வரையறுக்கிறது.

இந்தத் தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், அதே சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அத்தனை உரிமையும் மகளுக்கும் உண்டு என்று அறிவித்திருந்தது. சொத்தைப் பெறுவதில் மகளைச் சமமாக்கிய நாடாளுமன்றம், அவர் இறந்த பின் அந்தச் சொத்து எங்கே போகும் என்ற கேள்வியைத் தொடவில்லை. பெண்ணுரிமைச் சட்டங்களின் வரலாற்றில் இது சிறிய விடுபடல் அல்ல.

அம்பேத்கரில் தொடங்கிய போராட்டம்

இந்துப் பெண்களின் சொத்துரிமை, சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையையே உலுக்கிய விவகாரம். பிறப்பினால் ஆண்களுக்கு மட்டும் கிடைக்கும் கூட்டுக்குடும்பப் பங்குரிமையை ஒழிக்க முனைந்தது, சட்ட அமைச்சர் அம்பேத்கர் முன்னெடுத்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா. காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாதும் அதனை ஏற்கவில்லை. மசோதா கைவிடப்பட்ட நிலையில், 1951 செப்டம்பரில் அம்பேத்கர் பதவி விலகினார்.

அதன் பின்னர் மசோதா பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு நிறைவேறியது. 1956 ஜூன் 17-ல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைச் சட்டம் அவற்றில் ஒன்று. தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கிடைத்தது. விதவைகள் ஆயுட்கால அனுபவ உரிமையாக மட்டும் வைத்திருந்த சொத்து, 14-வது பிரிவின் மூலம் அவர்களுக்கே முழு உரிமையானது. அந்நாளில் இவை பெரும் முன்னேற்றங்கள். ஆனால், பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை மகனுக்கு மட்டும் என்ற மிதாட்சர முறை அப்படியே நீடித்தது.

வழிகாட்டிய தென் மாநிலங்கள்

இந்தக் குறையைக் களைவதில் மத்திய அரசுக்கு முன்னால் சென்றவை மாநிலங்களே. கேரளம் 1975-ல் சட்டம் இயற்றிக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. ஆந்திரப் பிரதேசம் 1986-ல் மகள்களுக்குப் பிறப்புரிமை வழங்கியது. தமிழகத்தில் முதல்வர் கருணாநிதி தலைமையிலான அரசு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செயல்பாட்டுக்கு வந்தது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றி அப்போது அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-ல் இதே வழியைப் பின்பற்றின.

எனினும், ஆந்திரத்திலும் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் சட்டம் அமலுக்கு வருமுன் திருமணமான மகள்கள் விலக்கப்பட்டனர். ஒரே வீட்டில் அக்காளுக்குப் பங்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை ஏற்பட்டது.

நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம் 2000-ல் அளித்த 174-வது அறிக்கையை அடுத்து, 2004 டிசம்பர் 20-ல் திருத்த மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. தமிழகத்தைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நிலைக்குழு அதனை ஆராய்ந்தது. மகளிர் அமைப்புகளும் பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் போன்றோரும், விவசாய நிலத்துக்கும் சம உரிமை விரிவுபடுத்தப்பட வேண்டும் என வலியுறுத்தினர். 2005 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறிய இறுதி வடிவில், திருமணமான மகள்கள் விலக்கப்படவில்லை. விவசாய நிலம் தொடர்பான மாநிலச் சட்டங்களுக்கு விலக்களித்த 4(2) பிரிவும் நீக்கப்பட்டது. குடியிருப்பு வீட்டைப் பிரித்துத் தருமாறு பெண் வாரிசு கோருவதைத் தடுத்த 23-வது பிரிவும் அகன்றது. 2005 செப்டம்பர் 9 முதல் இத்திருத்தம் அமலில் உள்ளது.

தீர்ப்புகளில் சிக்கிய பதினைந்து ஆண்டுகள்

சட்டம் வந்த பிறகும் குழப்பம் ஓயவில்லை. 2005 செப்டம்பர் 9-ல் தந்தை உயிருடன் இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் கூறியது. அதற்கு மாறாகத் தொனிக்கும் இன்னொரு தீர்ப்பு 2018-ல் வந்தது. இறுதியில், நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு 2020 ஆகஸ்ட் 11-ல் தெளிவு ஏற்படுத்தியது. பங்குரிமை பிறப்பால் வருவது. தந்தை அன்று உயிருடன் இருந்தாரா என்பது பொருட்டல்ல என்றது அத்தீர்ப்பு. மகள்களை ஏமாற்ற 'வாய்மொழிப் பாகப்பிரிவினை' கதைகள் புனையப்படலாம் என்பதால், பொது ஆவணங்களின் ஆதாரம் உள்ள விதிவிலக்கான நேர்வுகளில் மட்டுமே அவற்றை ஏற்கலாம் என்றும் எச்சரித்தது.

ஆக, தனக்கு உரியது என்று நாடாளுமன்றம் 2005-ல் அறிவித்த பங்கை நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு மகள் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் எத்தனையோ பாகப்பிரிவினைகள் முடிந்துவிட்டன.

பதினைந்தாவது பிரிவு சொல்வது என்ன?

ஆண் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, பிள்ளைகளுடன் தாயும் முதல் வரிசை வாரிசு. அடுத்த வரிசையில் தந்தை, உடன்பிறந்தோர் என்று அவருடைய சொந்த ரத்த உறவுகளே வருகின்றன. மனைவியின் அண்ணனோ, தங்கை மகனோ எந்த வரிசையிலும் இல்லை.

பெண் இறந்தால் கணக்கு வேறு. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் இல்லையெனில் கணவரின் வாரிசுகள். கணவர் வழியில் யாருமே இல்லை என்றால்தான் பெற்ற தாயும் தந்தையும். பெற்று, வளர்த்து, படிக்க வைத்தவர்கள் மூன்றாம் வரிசையில் நிற்க, முகம் தெரியாத கணவர் வழி உறவினர் இரண்டாம் வரிசையில் முந்திக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பெண் தன் தாய் தந்தையரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து, பிள்ளைகள் இல்லாதபோது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆனால், 'வாரிசாகப் பெற்றது' என்ற சொல்லுக்குள் தானப் பத்திரமோ உயிலோ அடங்காது என்ற விளக்கமே நீதிமன்றங்களில் மேலோங்கி வந்துள்ளது. மகளின் பாதுகாப்புக்காகத் தந்தை எழுதிக் கொடுக்கும் வீடும் இவ்வாறு கைமாறக்கூடும். பெண் தானே சம்பாதித்த ஊதியத்துக்கோ இந்த விதிவிலக்கில் இடமே இல்லை. 1956-ல் சட்டம் இயற்றியவர்கள், சம்பளம் வாங்கும் பெண்ணைப் பரவலாகக் கண்டிராதவர்கள். இன்று அந்தக் காரணம் செல்லுபடியாகாது.

கிடப்பில் கிடக்கும் அறிக்கை

தேவகோட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தலைமையிலான சட்ட ஆணையம், 2008 ஜூனில் அளித்த தனது 207-வது அறிக்கையில் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது. பிள்ளைகளும் கணவரும் இல்லாத பெண்ணின் சுயசம்பாத்தியச் சொத்தைக் கணவர் வழி வாரிசுகளும் பிறந்த வீட்டு வாரிசுகளும் ஒருசேரப் பெறும்படி சட்டத்தைத் திருத்துமாறு பரிந்துரைத்தது. மேலே கூறிய 2009 தீர்ப்பு வெளியானபோது அந்த அறிக்கை மத்திய அரசின் கையில் இருந்தது. அதன் பின் ஆட்சிகள் மாறின, பரிந்துரை சட்டமாகவில்லை.

நீதிமன்றங்கள் பேசாமலில்லை. 15-வது பிரிவு பாலின அடிப்படையில் பாரபட்சம் காட்டுகிறது என்று பம்பாய் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2012-ல் கருத்துத் தெரிவித்தார். ஆனால் அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் நீடிக்கிறது. 2025 நவம்பர் 19-ல் நீதிபதிகள் நாகரத்னா, மகாதேவன் அமர்வு, இப்பிரிவை எதிர்த்த பொதுநல மனுவை முடித்து வைத்தபோது விடுத்த வேண்டுகோள் கவனத்துக்குரியது. பிள்ளைகளோ கணவரோ இல்லாத நிலை ஏற்படக்கூடிய இந்துப் பெண்கள் உள்பட அனைத்துப் பெண்களும் உடனடியாக உயில் எழுதி வைக்க வேண்டும் என்றது அமர்வு. பெற்றோர் உரிமை கோரும் இத்தகைய தகராறுகள் வழக்காகும் முன் சமரச மையத்துக்குச் செல்ல வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

உயில் எழுதுவது எளிது; முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு கட்டாயமில்லை, இரு சாட்சிகள் போதும். நல்ல ஆலோசனைதான். ஆனால், சட்டம் செய்ய வேண்டிய நியாயத்தைக் குடிமக்களே செய்துகொள்ளுமாறு நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொள்ளும் நிலை, நாடாளுமன்றம் தன் கடமையை முடிக்கவில்லை என்பதற்குச் சான்று. இளம் வயதில் விபத்தில் இறக்கும் பெண்கள் பெரும்பாலும் உயில் எழுதி வைத்திருப்பதில்லை. வழக்கு வருவதோ அவர்கள் விஷயத்தில்தான்.

நிலமும் பழங்குடிப் பெண்களும்

நிறைவேறாத பணிகள் இன்னும் உள்ளன. கிராமப்புறப் பெண் தொழிலாளர்களில் சுமார் முக்கால் பங்கினர் விவசாயத்தில் உழைக்கின்றனர். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நில உடைமைகளில் பெண்கள் பொறுப்பில் இருந்தவை 14 சதவீதத்துக்கும் குறைவு. பரப்பளவில் அவர்கள் பங்கு 12 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 4(2) பிரிவு நீங்கிய பின்னரும், நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்ற வாதம் ஓயவில்லை. உத்தரப் பிரதேசத்தின் 2006-ம் ஆண்டு வருவாய்ச் சட்டத் தொகுப்பே, மனைவி, மகன், திருமணமாகாத மகள் ஆகியோருக்குப் பின்னால்தான் திருமணமான மகளை வைத்தது.

சட்டத்தைவிட வலிமையானது வழக்கம். ராஜஸ்தானில் 'ஹக் தியாக்' என்ற பெயரில் சகோதரிகள் தங்கள் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கின்றனர். தமிழகத்தில் அதன் பெயர் விடுதலைப் பத்திரம். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சமே பெரும்பாலும் கையெழுத்திட வைக்கிறது.

பழங்குடிப் பெண்கள் நிலை வேறு விதமானது. 2(2) பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றி இச்சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. இதனை மறுபரிசீலனை செய்யுமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலை 17-ல், சத்தீஸ்கரின் கோண்டு சமூகத்தைச் சேர்ந்த பெண்ணின் வாரிசுகளுக்குச் சம பங்கு வழங்கிய அதே நீதிமன்றம், பெண்களை விலக்கும் வழக்கம் நிரூபிக்கப்படாதபோது சமத்துவமே விதி என்றது.

நாடாளுமன்றத்தின் முன் உள்ள வழிகள்

15-வது பிரிவைத் திருத்த மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது, 207-வது அறிக்கை கூறும் சமபங்கு முறை. மருமகளின் வருமானத்தை நம்பி வாழ்ந்த முதிய மாமியாரும் உண்டு என்ற உண்மைக்கு இது இடமளிக்கிறது. ஆனால், ஆண் சொத்தில் மனைவி வீட்டாருக்கு இல்லாத பங்கு, பெண் சொத்தில் கணவர் வீட்டாருக்கு ஏன் என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை.

இரண்டாவது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வாரிசு வரிசை. 2025 ஜனவரி 27 முதல் உத்தரகண்டில் அமலில் உள்ள பொது சிவில் சட்டம் இந்த முறையையே பின்பற்றுகிறது. அச்சட்டத்தின் பிற அம்சங்கள் குறித்துக் கடும் கருத்து வேறுபாடுகள் உண்டு. அதில் பழங்குடியினரும் சேர்க்கப்படவில்லை. ஆயினும், ஒரே வரிசை வகுப்பது இயலாத காரியமல்ல என்பதை அது காட்டுகிறது. மூன்றாவது, உயிலை நம்பி இப்போதைய நிலையையே நீட்டிப்பது. இதுவரை அரசுகள் சொல்லாமலே தேர்ந்தெடுத்த வழி இதுதான்.

இந்தத் தயக்கத்துக்கு அரசியல் காரணம் உண்டு. தனிநபர் சட்டம் என்றாலே விவாதம் பொது சிவில் சட்டத்தை நோக்கித் திரும்பி, மதங்களுக்கு இடையிலான சர்ச்சையாகிவிடுகிறது. ஒரே மதச் சட்டத்துக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிலவும் பாகுபாடு அந்த இரைச்சலில் மறைந்துவிடுகிறது. உண்மையில், 15-வது பிரிவைத் திருத்த அரசியல் சாசனத் திருத்தமோ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ தேவையில்லை. 2005-ல் போலவே சாதாரணப் பெரும்பான்மை போதும். அதைச் செய்யும்வரை, சொந்தச் சம்பாத்தியம் உள்ள ஒவ்வொரு பெண்ணின் பெற்றோரும் மூன்றாம் வரிசையிலேயே காத்திருக்க வேண்டியிருக்கும்.