சம்பளம் என்று சொன்னீர்களே

2019 நாடாளுமன்றத் தேர்தலில், விழுப்புரம் தொகுதியில், நான் பேட்டரி டார்ச் சின்னத்துக்கு வாக்களித்தேன். நான் மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை, அம்மாவையும் போடவைத்தேன். மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமந்து என்னைப் படிக்கவைத்தவர் அவர். "யாருக்குப் போட்டாலும் கூடையை நான்தானே தூக்கணும்" என்றார். "இவங்க வேற மாதிரிம்மா" என்றேன். அந்தச் சொல்லுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2018 பிப்ரவரி 21 அன்று மதுரையில் கமல்ஹாசன் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கினார். இரண்டு கழகங்களுக்கும் மாற்று, ஊழலற்ற ஆட்சி என்றார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது பிறகு வந்த ஒரு வாக்குறுதி. 2020 டிசம்பரில் காஞ்சிபுரத்தில் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று அறிவித்தார்கள். 1972-இலேயே செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெதரீச்சி போன்ற பெண்ணியர்கள் எழுப்பிய கோரிக்கை அது. தமிழ்நாட்டுத் தேர்தல் மேடையில் அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. 2021-இலும் அந்த அணிக்கே வாக்களித்தேன்.

எங்கள் ஊரில் 'இல்லத்தரசி' யார்? விடியுமுன் எழுந்து, உலை வைத்து, பிள்ளைக்குச் சோறு கட்டி, பாத்திக்குப் போகிறவள். ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பார்கள். ஈரம் சொட்டும் அந்த உப்பைத் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது பெண்கள். கூலி பெண்ணுக்குக் குறைவு. ஒதுங்க மறைவில்லை என்பதால் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பார் அம்மா. வீடு திரும்பினால் மறுபடியும் அடுப்பு. 2019-இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். அந்த வாக்குறுதி இந்த ஐந்து மணி நேரத்துக்காவது விலை பேசும் என்று நம்பினேன்.

தேர்தல் நெருங்கியபோது விளக்கம் மாறியது. பெண்களின் திறனை வளர்த்து அவர்களே சம்பாதிக்க வழிசெய்வதுதான் திட்டமாம். செய்கிற வேலைக்குச் சம்பளம் என்பது, இன்னொரு வேலையும் செய் என்று ஆகிவிட்டது. வழுக்கும் வரப்பில் தலைச்சுமையோடு தவறாமல் நடக்கிறவளுக்குத் திறன் போதவில்லையா?

தோற்றதற்காக நான் கோபப்படவில்லை. கோவை தெற்கில் கமல்ஹாசன் 1,728 வாக்குகளில் தோற்றபோது எனக்கும் வலித்தது. என் கோபம் 2024 மார்ச்சில் தொடங்குகிறது. கட்சி திமுக அணியில் சேர்ந்தது. மக்களவைத் தேர்தலில் போட்டியில்லை, 2025-இல் ஒரு மாநிலங்களவை இடம் என்பது உடன்பாடு. நாட்டு நலனுக்காகச் சேர்ந்தோம் என்றார்கள். அந்தக் காரணத்தை நான் ஏளனம் செய்யவில்லை. மதவாதத்தைக் கண்டு எனக்கும் அச்சம் உண்டு. ஆனால் பேரம் பேச உட்கார்ந்தபோது எங்கள் ஊதியத்துக்காக என்ன கேட்டீர்கள்? 2025 ஜூலையில் தலைவர் எம்.பி. ஆனார். அறிவிக்கப்பட்ட உடன்பாட்டில் அந்த ஓர் இடம் இருந்தது, பெண்களின் சம்பளம் இல்லை.

2023 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையைக் கொடுத்தது, நீங்கள் மாற்றாக வருவோம் என்று சொன்ன பழைய கட்சிதான். எங்கள் யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்றீர்கள். இருக்கட்டும். நாளுக்கு 33 ரூபாய் போதாது என்று அவர்களோடு வாதாடும் இடத்தில் இருக்க வேண்டியவர்கள் நீங்கள் அல்லவா?

புதிய கட்சி என்றால் நேர்மையான ஓர் ஆண் வந்து கொடுப்பார் என்று நானும் நம்பினேன். அது என் தவறு. 2024-இல் இன்னொரு நடிகர் இன்னொரு கட்சி தொடங்கினார். என் தங்கை மகளின் முகத்தில் அன்று எனக்கிருந்த அதே மலர்ச்சி. போடாதே என்று அவளிடம் சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டுப் போடு என்பேன். பாத்தியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா? நிழலும் கழிப்பறையும் எப்போது? உப்பு விளையாத மழை மாதங்களுக்கான உதவி பெண்ணின் கைக்கு வருமா? நாளை கூட்டணி பேசினால் இவற்றில் எதை விட்டுக்கொடுப்பீர்கள்?

அம்மா என்னைத் திட்டவில்லை. "அந்த டார்ச்சுல பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் விடியுமுன், வழக்கம்போல, இருட்டிலேயே பாத்திக்குக் கிளம்பினார்.